சத்தம் போடாத வண்டி

கச்சிராயபாளையத்து ராஜாங்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. சூரத் நகரத்தில் ஆறு வருஷம் பஸ் ஓட்டியும் ஹாரனில் கை வைக்காத மனுஷர் அவர். இதை அவரேதான் சொல்லுவார். வேறு யார் சொல்லப்போகிறார்கள்? டீக்கடையில் சொல்லுவார். முடிதிருத்தும் கடை நாற்காலியில் கழுத்தைக் கொடுத்துக்கொண்டே சொல்லுவார். சாவு வீட்டில் எடுக்க நேரமானால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் மெதுவாக ஆரம்பிப்பார். கேட்கிறவர்களுக்கு இதில் என்ன பெருமை என்று விளங்காது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை என்றால் ஒன்று வண்டியில் கோளாறு, இல்லை ஆளிடம் கோளாறு.

சூரத்தைப் பார்த்தால்தான் அந்தப் பெருமை புரியும். அந்த ஊரில் பஸ்ஸுக்கென்று தனித் தடம். நடு ரோட்டில் இரண்டு பக்கமும் கம்பி வைத்து, பஸ் மட்டும் போகும்படி விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் காரும் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். பஸ் மட்டும் நடுவில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஸ்டேஷனும் நடு ரோட்டில்தான். ஜனங்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். ஸ்டேஷன் தரையும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம். படி கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள்கூட வீட்டு வாசலைத் தாண்டுகிற மாதிரி தாண்டி உள்ளே வந்துவிடலாம்.

டிரைவர் செய்ய வேண்டியதெல்லாம், கதவுக்குக் கதவு நேராக வரும்படி வண்டியைக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்துவது. அதில் ராஜாங்கம் கெட்டிக்காரர். கிழவிகள் கீழே பார்க்காமலே காலெடுத்து வைப்பார்கள். அடுத்த வண்டி எப்போது வரும் என்று பலகையில் எழுத்து எரியும். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் குஜராத்தியில் சொல்லும். யாரையும் கூப்பிட வேண்டாம், யாரையும் ஒதுங்கச் சொல்ல வேண்டாம். எப்போதாவது கம்பிக்கு நடுவே ஒரு நாய் நுழைந்துவிடும். அதற்கும் ராஜாங்கம் ஹாரன் அடிக்க மாட்டார். நிறுத்தி, அது போகிறவரை காத்திருப்பார்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்தது திட்டம் போட்டு அல்ல. குத்தகைக் கரும்பு வைத்த குடும்பம். கோமுகி அணையில் தண்ணீர் விட்டால் விவசாயம், விடாவிட்டால் லாரி. லாரியில் சூரத் போய்ச் சேலை மூட்டை ஏற்றி வருவார். அதில் பாதி மூட்டை கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷாவுக்கு. அப்படிப் போன ஒரு தடவை, நகர பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய் ஓட்டிக் காட்டினார். எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் என்று நினைத்துப் போனது ஆறு வருஷம் ஆயிற்று.

மனைவி அமிர்தம் கச்சிராயபாளையத்திலேயே இருந்தாள். ஊர் எல்லையில் ரோட்டோரமாக வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை, அதற்கும் பின்னால் குத்தகைக் கரும்பு. மகன் இளவரசன் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். ராஜாங்கம் பொங்கலுக்கு வருவார், விருந்தாளி மாதிரி நாலு நாள் இருப்பார், போவார்.

போன வருஷம் அமிர்தத்துக்கு டைபாய்டு வந்தது. படுத்து, எழுந்து, மாட்டுக்குத் தீவனம் வைக்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதுவும் மகன் வாய்தவறிச் சொல்லி. உடனே போன் போட்டார்.

"இன்னா அமிர்தம், ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா மட்டும் வந்துடுவீங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதுதான் அவரை உலுக்கிவிட்டது. சண்டை போட்டிருந்தால் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லி மறந்திருப்பார். அன்றைக்கு ஸ்டேஷன் ஸ்டேஷனாக வண்டியை ஒட்டி நிறுத்தும்போதெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்து நின்றது. நான் வரமாட்டேன் என்று இவள் எப்போது முடிவு கட்டினாள் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அதையும் சொல்லாமல் கிளம்பினார். திடீரென்று போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று ஒரு எண்ணம். போய் நின்றது பூட்டின வீட்டு முன்னால். அமிர்தம் மணலூர்பேட்டையில் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ராஜாங்கம் மாட்டுக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டார். மாடு அவரைத் திருடன் மாதிரி பார்த்தது. பொழுது சாய்ந்து வந்த அமிர்தம், கொட்டகையில் ஆள் எழுந்ததைக் கண்டு கையில் கிடைத்த விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள். பிறகு யார் என்று தெரிந்து கீழே போட்டாள்.

"வர்றத சொல்லிட்டு வரணுங்க. இப்பிடியா வருவாங்க? எத்தினி நாள் லீவு?"

"இனிமே போறதில்ல. இங்கியேதான்."

அவள் பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

இனிமேல் இங்கேயே என்று வாயால் சொல்லிவிட்டார். இருக்க வேண்டுமானால் ஒரு பிழைப்பு வேண்டும். கவுஸ் பாஷாவிடம் போய் நின்றார். பாய்க்குக் கடையோடு மினி பஸ்ஸும் உண்டு. ஒரு வண்டி மணலூர்பேட்டைக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வண்டிக்கு, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறிக் கரியாலூர் வரை புதுப் பர்மிட் வாங்கியிருந்தார். வண்டிக்கு மகள் பெயர்: பாயிஸா. ரோஸ் கலர் பெயின்ட், கண்ணாடியில் ஜிகினா, ஐந்து குரலில் பாடுகிற ஏர் ஹாரன். ஹாரன் அவருடைய ஆசை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கூப்பிடலாம், அப்படி ஒரு ஹாரன்.

"சூரத்துல ஓட்டின கை. நீ ஓட்டினா வண்டி பத்து வருசம் புதுசாவே இருக்கும்," என்று சாவியைக் கொடுத்தார் பாய். அந்த ஹாரனின் தலைவிதி அன்றோடு முடிந்தது.

கண்டக்டர் அன்புச்செல்வன், மணலூர்பேட்டைப் பையன். ஆற்றங்கரையில் நெல்வயலுக்கு நடுவே வளர்ந்தவன். மேடு என்றால் அவனுக்கு வரப்புதான். அடிவாரம் தாண்டி முதல் வளைவு வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான், கரியாலூரில்தான் திறப்பான். ராஜாங்கத்துக்கும் மலை பழக்கம் கிடையாது. அடிவாரத்தில் பிறந்தவர்தான், ஆனாலும் காலையில் கொல்லைப்பக்கம் வந்தால் எதிரில் நிற்கிற ஒரு சமாச்சாரம், அவ்வளவுதான் அவருக்கு மலை. வாலிபத்தில் சிநேகிதர்களோடு அருவியில் குளிக்க இரண்டு மூன்று தடவை போனதுண்டு. ஆக, ஓட்டத் தெரிந்தவர் ஒருவர், கண்ணை மூடத் தெரிந்தவன் ஒருவன். இரண்டு பேருமாக மலைக்கு பஸ் விட்டார்கள்.

விட்டதில் குறை சொல்ல முடியாது. இரவில் வண்டி ராஜாங்கத்தின் வீட்டு முன்னாலேயே நிற்கும். விடிந்ததும் காலி வண்டியாக மலையேறி, கரியாலூரில் திருப்பி, மலை ஜனங்களை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். ராஜாங்கம் நேரம் தவற மாட்டார். மலைமேல் ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரோட்டோரத்துக்கு ஒட்டி நிறுத்துவார், கதவைத் திறக்கச் சொல்வார், சூரத் கணக்குப்படி அரை நிமிஷம் காத்திருப்பார், புறப்படுவார். நிறுத்தமில்லாத இடத்தில் நிறுத்த மாட்டார். ஒத்தைப்புளி என்கிற நிறுத்தத்தில் அந்த ஒற்றைப் புளியமரத்தில் தகரப் பலகை ஒன்றை அடித்து, வண்டி வரும் நேரத்தைத் தன் கையாலேயே பெயின்டில் எழுதியும் வைத்தார். ஊரெல்லாம் கீழே சரிவில் இருந்தது. பலகையைப் படிக்க வேண்டுமானால் மேடேறி ரோட்டுக்கு வர வேண்டும். மேடேறி வந்துவிட்டவனுக்குப் பலகை எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை.

கச்சிராயபாளையத்துக்குக் கீழே வண்டியில் கூட்டம் இருந்தது. மலைமேல் ஒரு ஈ காக்கை ஏறவில்லை. கரியாலூரில் ஒன்றிரண்டு பேர், அவ்வளவுதான். ஒத்தைப்புளியில் கதவு திறக்கும்; காற்று ஏறும்; கதவு மூடும். மலைக்காரர்கள் வழக்கம்போல நடந்தார்கள், சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு போனார்கள். ராஜாங்கம் அவர்களை நினைத்து வருத்தப்பட்டார். நல்ல வண்டியின் அருமை தெரியாத ஜனங்கள்.

ஒத்தைப்புளிக்கு மேலே ஒரு கொண்டை வளைவு. அங்கே ஆடு மேய்க்கிற ஒரு பெண்பிள்ளையை தினமும் பார்ப்பார். ஐம்பது வயசு இருக்கும். பாயிஸா வளைவில் திரும்பும்போது பாறைமேல் நின்றுகொண்டு, கையை முஷ்டி பிடித்து முன்னால் அமுக்கி அமுக்கிக் காட்டுவாள். ரோட்டோரச் சின்னப் பிள்ளைகள் லாரியைக் கண்டால் ஹாரன் அடிக்கச் சொல்லிக் காட்டுவார்களே, அதே சைகை. ஏதோ கத்துவாள், எஞ்சின் சத்தத்தில் கேட்காது. ராஜாங்கம் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போவார்.

"பாத்தியாடா அன்பு, இந்த வயசுலயும் ஹாரன் ஆசை."

அன்புச்செல்வன் எங்கே பார்த்தான்? அவன்தான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறானே. "ஆமாண்ணே," என்றான்.

ஒரு மாசம் போல ஆன பிறகு கவுஸ் பாஷா கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷர். டீ வரவழைத்துக் குடிக்க வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"ராஜாங்கம், உன் மேல கொற சொல்ல மாட்டேன். ஆனா மேல ஏறினா வண்டில காத்துதான் வந்துகினு கீது. மலைக்காரங்களுக்கு பஸ்ஸே வாணாம் போல. பக்ரீத் வரைக்கும் பாப்போம். அப்பால இந்த வண்டியையும் மணலூர்பேட்டைக்கே வுட்டுர்றேன். அங்க ஏற்கெனவே ஆளு இருக்கான். உனக்குத்தான் சங்கடம்."

"சரிங்க பாய்," என்றார் ராஜாங்கம். வேறு என்ன சொல்வது?

சூரத்திலிருந்து பழைய மேலாளர் அடிக்கடி போன் பண்ணிக்கொண்டிருந்தார். உன் இடம் அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா என்று. முதலில் அந்த போன் வந்தால் ராஜாங்கத்துக்குப் பெருமையாக இருக்கும். இப்போது மணி அடித்தால் அடிக்கட்டும் என்று எடுக்காமல் விட்டார். பக்ரீத் முடிந்தால் பஸ் இல்லை. பஸ் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் வேலை இல்லை. மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவள் முன்னால் நிற்க வேண்டும். இனிமேல் போவதில்லை என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அமிர்தத்திடம் அவர் இதைச் சொல்லவில்லை. வீட்டில் பேச்சே அப்படித்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை வீட்டு முன்னால் நிறுத்துவார். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலிருந்து எப்போது வெளியே வர முடியும் என்பது அவர் கையில் இல்லாததால் மதிய நேரம் மட்டும் முன்னே பின்னே ஆகும். சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் இறங்கி, உள்ளே வந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். கொல்லைக்குப் போய்க் கரும்புக்குள் குரல் கொடுக்க வேண்டும். அவள் கை கழுவிக்கொண்டு வந்து, ஆறின சோற்றைப் போட்டு, குழம்பைச் சுடவைப்பாள்.

"நீங்க எப்ப வருவீங்கன்னு நான் இன்னா ஜோசியமா பாக்கறது?" என்பாள். ஆறு வருஷம் ஒருத்திக்குச் சமைத்த கை. அவளையும் சொல்லிக் குற்றமில்லை.

பக்ரீத் நெருங்கின ஒரு மத்தியானம் மோர் ஊற்றும்போது சொன்னாள்: "மேலத்தெரு கமலா வூட்ல ஒரு மாடு விக்கிறாங்க. நல்ல மாடு. வூட்ல ஆளு நெலையா இருந்தா வாங்கலாம்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ராஜாங்கம் சோற்றைப் பார்த்தார். "பாக்கலாம்," என்றார். அவள் மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த மாட்டைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் காலை கரியாலூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். வண்டியில் அவரும், கண்ணை மூடிய அன்புச்செல்வனும்தான். கொண்டை வளைவு திரும்பினால், ரோடு முழுக்க ஆடு. நடுவில் கோலை ஊன்றிக்கொண்டு அந்தப் பெண்பிள்ளை.

ராஜாங்கம் நிறுத்தினார். சூரத் வழக்கப்படி எஞ்சினையும் அணைத்துவிட்டுக் காத்திருந்தார். நாய்க்குக் காத்திருந்தவர் ஆட்டுக்குக் காத்திருக்க மாட்டாரா? ஆடுகள் அங்கேயே நின்று அசைபோட்டன. அவளும் நகரவில்லை. பொறுமையில் ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை. கடைசியில் வண்டி நின்றுவிட்ட நிம்மதியில் அன்புச்செல்வன் கண்ணைத் திறந்தான்.

"இன்னாண்ணே, வந்துட்டமா?"

ராஜாங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "யம்மா, ஆட்ட கொஞ்சம் ஓரமா ஓட்டு."

"ஹாரன் அடி, ஓட்டறேன்."

"அதான் வாயால சொல்றேனே. ஹாரன் எதுக்கு?"

"எனக்கா அடிக்கச் சொல்றேன்? அடிப்பா."

ராஜாங்கம் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். "இதோ பாரும்மா. நான் சூரத்துல ஆறு வருசம் பஸ் ஓட்டினவன். பெரிய ஊரு. அங்க ஒரு வாட்டிகூட ஹாரன் அடிச்சதில்ல."

"அங்க ஜனங்க வண்டில ஏறினாங்களா?"

"ஏறாம? நிக்க எடம் இருக்காது."

"இங்க ஏறினாங்களா?"

ராஜாங்கம் பின்னால் திரும்பிக் காலி சீட்டுகளைப் பார்த்தார். ஜிகினா மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப அடி," என்றாள் அவள்.

அவர் உள்ளங்கையை ஹாரனில் வைத்து அமுக்கினார். கவுஸ் பாஷா ஆசை ஆசையாக மாட்டிய ஐந்து குரலும் ஒன்றாகக் கிளம்பி, எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தன. ஆடுகள் துள்ளி ஒதுங்கின. அன்புச்செல்வன் கம்பியைக் கட்டிக்கொண்டான்.

சத்தம் அடங்கினதும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, கீழே வெகு ஆழத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஓ... ஓய்..." அதற்கடுத்து இன்னொரு குரல். ஒரு நாய் குரைத்தது. ஒரு பெண் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"இன்னொரு வாட்டி, கொஞ்சம் நீட்டி அடி. ஓடக்கரையில இருக்கறவங்களுக்குக் கேக்கணும்."

நீட்டி அடித்தார். அவள் கோலைத் தட்டி ஆடுகளை ஓரம் கட்டினாள். "இப்ப புளியமரத்தாண்ட போய் நில்லு. நானும் வரேன். எல்லாரும் வந்த அப்பால எடு," என்றாள்.

ஒத்தைப்புளியில் நின்றார்கள். உண்ணிச்செடிகளுக்கு நடுவே முதலில் ஒரு பலாப்பழம் தெரிந்தது, அதன் கீழே ஒரு தலை தெரிந்தது. அவருக்குப் பெயர் ஆதிமூலம் என்று பிறகு தெரிந்துகொண்டார். அவர் பின்னால் கூடையோடு இரண்டு பெண்கள், புளிமூட்டையோடு ஒருவர், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண். எல்லாரும் ஓட்டமும் நடையுமாக மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். ராஜாங்கம் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடு மேய்க்கிறவள் பெயர் செல்லியம்மாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த மலையில் பஸ் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. பனி, மழை, பாறைச் சரிவு, டயர் பஞ்சர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதனால் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. கொண்டை வளைவில் ஹாரன் கேட்ட பிறகுதான் அடுப்பை அணைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், ஏறி வருவார்கள். வருகிறவரை வண்டி மரத்தடியில் நிற்கும். பழைய பஸ் ஓட்டினவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அந்த பஸ் இப்போது என்றைக்காவது ஒருநாள்தான் வருகிறது.

"புது பஸ் வுட்டுருக்காங்கன்னு சொன்னாங்க. ரெண்டு நாளு மேட்டுக்கு வந்து பாத்தாங்க. வெயில்ல நின்னதுதான் மிச்சம். ரோஸ் கலருல ஒண்ணு சத்தமில்லாம போவுதே, அது அருவிக்கு வர்ற டூரிஸ்ட் வண்டின்னு வுட்டுட்டாங்க. எனக்கு மட்டும் சந்தேகம். உள்ள ஒருத்தன் பைய மாட்டிக்கினு தூங்கறானே, கண்டக்டரா இருக்குமோன்னு."

அன்புச்செல்வன் டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டான்.

"தெனமும் கைய காட்டினேன். நீ சிரிச்சிக்கினு போயிட்ட. பஸ்ஸுன்னா வர்றத சொல்லிட்டு வரணும்பா. சொல்லாம வந்தா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ராஜாங்கத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இதே வார்த்தையை மாட்டுக் கொட்டகையில் கேட்டிருக்கிறார். அன்றைக்கு விளக்குமாறு, இன்றைக்கு ஆட்டுக்கோல். சூரத்தில் பலகையும் ஒலிபெருக்கியும் அவருக்கு முன்னாலேயே போய் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தன. அவர் சும்மா வந்து நின்றார். அந்தச் சும்மாவைத்தான் இத்தனை நாள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கைக்குழந்தைக்காரி கடைசியாக ஏறினாள். மூச்சு வாங்கியது. முன் சீட்டில் உட்கார்ந்து குழந்தையின் முகத்தைத் துடைத்தாள்.

"புள்ளைக்கு இன்னாம்மா?" என்று கேட்டார் ராஜாங்கம்.

"போன வாரம் ஜொரங்க. தூக்கிக்கினு நடந்தே எறங்கினோம். இப்ப தேவல. இன்னொருவாட்டி காட்டச் சொன்னாங்க, அதான்."

அவளும் குறையாகச் சொல்லவில்லை. போன வாரம் அந்தக் காலையிலும் இதே மரத்தடியில் கதவைத் திறந்து மூடிவிட்டுக் காலி வண்டியோடு போனவர் ராஜாங்கம். அந்தப் பெண் கீழே ஏதோ ஒரு ஒற்றையடிப் பாதையில் சுரத்தில் கிடந்த பிள்ளையோடு நடந்திருக்கிறாள். சொன்னா மட்டும் வந்துடுவீங்களா என்று கேட்ட அமிர்தத்தின் குரல் காதில் விழுந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. சைடு கண்ணாடியைத் துடைப்பது போல இறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

வந்து பார்த்தால் வண்டிக்குள் ஆடு. பக்ரீத் சந்தைக்கு விற்க வேண்டிய கிடாக்களைச் செல்லியம்மாள் ஒவ்வொன்றாகப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மற்ற ஆடுகளைக் கீழே ஊருக்கு ஓட்டிக்கொண்டு போக ஆதிமூலம் ஒரு உறவுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆட்டுக்கு டிக்கெட்டா, லக்கேஜாண்ணே?" என்றான் அன்புச்செல்வன் பரிதாபமாக.

"பாயாண்ட கேப்போம். மொதல்ல எடம் குடு," என்றார் ராஜாங்கம்.

படியில்லாமல், தரைக்குத் தரை மட்டமாக, கதவுக்குக் கதவு ஒட்டி ஜனங்களை ஏற்றின அந்தக் கை, அன்றைக்குக் கிடாக் குட்டியைக் காலைப் பிடித்துத் தூக்கி உள்ளே விட்டது. அடிவாரம் வரை இருந்த எல்லா வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினார். அடுத்த நிறுத்தத்திலும் ஆள் ஏறினார்கள். அதற்கடுத்ததில் நிற்க இடமில்லை. கூட்டத்தில் நசுங்கியதில் அன்புச்செல்வனுக்குக் கண்ணை மூடவும் வழியில்லாமல் போயிற்று.

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்த கவுஸ் பாஷா, தூரத்திலேயே தன் ஹாரனின் குரலை அடையாளம் கண்டுகொண்டார். வண்டி வந்து நின்றது. பலா இறங்கியது, புளி இறங்கியது, ஜனங்கள் இறங்கினார்கள், கடைசியில் கிடாக்கள் இறங்கின.

"இன்னாய்யா இது ராஜாங்கம்?"

"ஹாரன் அடிச்சேன் பாய்," என்றார் அவர்.

மேலே நடந்ததையெல்லாம் சொன்னார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிடாக்களில் ஒன்றைத் தட்டிப் பார்த்துச் செல்லியம்மாளிடம் விலை கேட்டார். மணலூர்பேட்டைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ராஜாங்கமாகக் கேட்டதற்கு, "அது எதுக்கு இப்ப? நாளைக்குக் கயிறு ரெண்டு எடுத்துக்கினு போ, ஆட்ட கட்ட," என்று மட்டும் சொன்னார்.

மதியம் கச்சிராயபாளையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஊருக்கு முன்னால், கரும்புக் கொல்லைகள் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வளைவு உண்டு. அங்கே ஏறுகிறவர்கள் யாரும் கிடையாது, குறுக்கே ஆடு மாடும் இல்லை. ராஜாங்கம் ஹாரனில் கை வைத்தார். அடிக்கலாமா என்று ஒரு கூச்சம். பிறகு அடித்தார். நீட்டித்தான் அடித்தார்.

வீட்டு முன்னால் வண்டியை ஒட்டி நிறுத்தி, குழாயில் கை கால் கழுவி, வாசற்படி ஏறினார். கொல்லைக்குப் போய்க் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அமிர்தம் உள்ளே இருந்தாள். முழங்கைவரை கரும்புத் தோகை கீறின தடம், நெற்றியில் வேர்வை. தட்டு போட்டிருந்தது. சொம்பில் தண்ணீர் இருந்தது. குழம்பில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவர் நின்றுகொண்டே பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க? சத்தம் கேட்டுது. சரி, வந்துட்டீங்கன்னு வந்து சூடு பண்ணேன்."

ராஜாங்கம் உட்கார்ந்தார். காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், பாய் பக்ரீத்தோடு வண்டியை நிறுத்தப்போவதாகச் சொன்னதை மறைத்ததையும் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. "கமலா வூட்டு மாட்ட வித்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கலாம்."

அமிர்தம் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, அவர் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கும் அந்த வளைவாண்ட வர்றப்ப ஹாரன் அடிங்க."